மீள்திறனுக்கு ஒரு சான்றிதழ்

பேரிடருக்குப் பின் கட்டடமோ நகரமோ தன் பணிக்குத் திரும்பும் ஆற்றலாகிய மீள்திறனைக் கட்டடக் கலைஞர்களுக்குக் கற்பிக்கும் தொழில் மேம்பாட்டுப் பயிலரங்குகள், ஜன்னல் திறக்கவியலாத குளிரூட்டிய அரங்குகளில் நடைபெறுவதும், மின்சாரம் நின்றால் அமர்வே மீளாமற் போவதும் பாடத்திட்டத்தில் இடம்பெறாத செய்முறை விளக்கம் எனலாம். உண்மைப் பாடமோ அரங்குக்கு வெளியே மழையில் நடந்தது: 2021 நவம்பரில், திருமலைக்கு ஏறும் அலிபிரிப் படிக்கட்டுகளில் வெள்ளம் அருவியாய் இறங்கியது. திருப்பதிக்கு அருகே இராயலசெருவு என்னும் பழைய ஏரியின் கரையில் கசிவு காணப்பட, தாழ்விடத்து ஊரார் வெளியேற்றப்பட்டனர். டிசம்பர் 1 அன்று பாறைகள் உருண்டு திருமலைச் சாலையைச் சிதைத்தன. இத்தனைக்குப் பின்னும், மழைநீர் வெளியேறும் வழியாகிய வடிகால், மனை வரைபடத்தைவிடப் பயிலரங்கின் திரையிலேயே மிகுதியாகத் தென்படுவதால், சான்றிதழ் பெற்றவர் மறுவாரமே ஏரிப்புறத்து மனைக்கு வரைபடம் தீட்டத் தடையேதும் எழுவதில்லை. ஏற்பாட்டாளர்கள் அடுத்த அமர்வை நவம்பரில், அலிபிரிப் படிகளின் அடியிலேயே வைப்பது நலம். குடை அவரவர் பொறுப்பு.