ஜோகுபாளையத்து மேசைக்கணினிகளும் அவற்றின் ஜீர்ணோத்தாரணமும்: ஓர் ஆய்வுரை

பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து பி.எல். ரைஸ் 1905இல் 'எபிகிராபியா கர்நாடிகா'வின் ஒன்பதாம் தொகுதியாக வெளியிட்டார். பெங்களூர் ஜோகுபாளையத்திலிருந்து, மீட்டர் போட்டு வர எந்த ஆட்டோக்காரரும் சம்மதிக்காத அளவுக்குக் கிட்டத்தில் இருக்கும் தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் இடம்பெற்றன. ஆனால் ஜோகுபாளையத்து வீடுகளில், கூடத்து மூலையில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் சிபியூ பெட்டிகளின் மேலுள்ள எழுத்துகளை இன்றுவரை எவரும் படியெடுக்கவில்லை. ரைஸைக் குறை சொல்வதற்கில்லை. பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வந்ததே அந்த 1905இல்தான். பின்வந்த அறிஞர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

முதலில் காலக்கணிப்பு. பெட்டியின் முகப்பில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் இங்கே மெய்க்கீர்த்தி. அதில் விண்டோஸ் எக்ஸ்பியின் பெயர் இருந்தால் 2001க்குப் பிற்பட்டது; 'கோர் 2 டியோ' என்றிருந்தால் 2006க்குப் பிற்பட்டது. பக்கவாட்டில் எஸ்.பி. ரோட்டுக் கடையின் வாரண்டிச் சீட்டு. கிழிந்தால் செல்லாது என்று அச்சிட்ட அந்தச் சீட்டு, பார்த்த வீட்டிலெல்லாம் கிழிந்தே இருக்கிறது. உச்சியில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும். காய்ந்த அடுக்குகளைச் சுரண்டி எண்ணினால் பெட்டியின் வயது கிடைக்கும் என்பது ஒரு சாரார் கொள்கை. வீட்டம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்ட ஆண்டுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று மறுசாரார் கேட்கிறார்கள். இவ்வாய்வாளர் மறுசாரார் பக்கம்.

பெட்டிக்கும் மானிட்டருக்கும் பழைய நைட்டித் துணியில் தைத்த உறை உண்டு. மூடிக் கிடக்கிறது என்பதற்காக ஒன்றைப் பயனற்றது என்று தள்ளிவிடக் கூடாது. பக்கத்திலேயே, அல்சூர் ஏரிக்கரையில், வள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. அவருக்கு எந்த அப்டேட்டும் தேவைப்படவில்லை.

கணினிக்குத் தேவைப்படுகிறது என்பதுதான் சிக்கல். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அவ்வாண்டு ஆயுத பூஜை அக்டோபர் 1, தீபாவளி அக்டோபர் 20. அதாவது, வைத்த குங்குமம் உதிர்வதற்குள் கெடு முடிந்தது. பதினைந்தாம் தேதி காலை பெட்டி எரியாது என்று நினைத்திருந்தவர்கள் பொத்தானை அழுத்த, அது வழக்கம்போல எரிந்தது; வழக்கம்போல ஒரு காபி குடித்து முடிக்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றது இயக்கமல்ல, காவல். இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது, அவ்வளவுதான்.

சரி, விண்டோஸ் 11 ஏற்றினால்? அங்கேதான் குலம் கோத்திரம் கேட்கிறார்கள். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்ற அளவில் நின்றிருந்தால் ஜோகுபாளையத்துப் பெட்டிகளில் பல தேறியிருக்கும். கூடவே டிபிஎம் 2.0 வேண்டும் என்கிறார்கள். மறைச்சாவிகளைத் தன்னுள்ளே பூட்டி வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு ஏற்பாடு அது. தனிச் சில்லாகவும் இருக்கும், பிராசஸருக்குள்ளேயே அடக்கமாகவும் இருக்கும். பல பெட்டிகளில் அது இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கும். அதையும் எழுப்பிவிட்டால் அடுத்த கேள்வி: இன்டெல்லில் எந்தத் தலைமுறை? எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. மேசைக்கணினிக்கான ஏழாம் தலைமுறைச் சில்லு 2017 ஜனவரியில் வந்தது, எட்டாம் தலைமுறை அதே ஆண்டு அக்டோபரில். மார்கழியில் பிறந்தவன் வெளியே, புரட்டாசியில் பிறந்தவன் உள்ளே! ஏழாம் தலைமுறையில் விலக்குப் பெற்றவை சிலவே. விலையுயர்ந்த எக்ஸ் வரிசை ஒன்று. மைக்ரோசாப்ட்டே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல் இருந்த சில்லு இன்னொன்று. இந்தத் தற்செயலைப் பற்றி இவ்வாய்வாளர் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

கோர் 2 டியோ பெட்டிகளின் வழக்கு வேறு. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு கேட்கும் 'பாப்கவுன்ட்' என்ற கட்டளை அந்தச் சில்லுக்குத் தெரியவே தெரியாது. அது நிஜமான தகுதிக்குறை, மேல்முறையீடு இல்லை. பெங்களூரிலேயே வடிவமைத்து 2008இல் இன்டெல் வெளியிட்ட ஆறு கோர் 'டன்னிங்டன்' சர்வர் சில்லும் இதே காரணத்தால் வாசலிலேயே நிற்கும். ஊர்ப்பாசம் இங்கே எடுபடாது.

வாய்மொழி வழக்காறு ஒன்றையும் பதிவு செய்கிறோம்.

"ஆன்ட்டி, டிபிஎம் இல்ல. லெவன் ஏறாது."

"அது என்னப்பா, எஸ்.பி. ரோடுல வாங்கிட்டு வந்து போட்டுடேன்."

"போர்டு சப்போர்ட் பண்ணணும் ஆன்ட்டி. வேணும்னா ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணி ஏத்திடறேன்."

இந்த 'ஸ்வல்ப அட்ஜஸ்ட்' என்பது ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள். தகுதிச் சோதனையை நீக்கிய பென் டிரைவைத் தயாரித்துக் கொடுக்கும். ஏறுகிறது, ஓடுகிறது. ஆனால் தகுதியில்லாத பெட்டிக்கு அப்டேட்டுகள் கிடைக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கிறது. எதற்காக ஏற்றினோமோ அதற்கே உத்தரவாதமில்லை.

இனி திருப்பணி முறை. கோயிலில் வேலை தொடங்குமுன் பாலாலயம் செய்து தெய்வத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது மரபு. கணினியில் அந்த இடம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்கு. பாலாலயம் செய்யாமல் "பார்மட் அடிச்சிடலாம் சார்" என்றவனை நம்பியதில் அறுபதாம் கல்யாணப் படங்கள் மொத்தமும் போன குடும்பங்கள் உண்டு. அடுத்தது மூலஸ்தானம். சுழலும் ஹார்ட் டிஸ்கில் முள் நகர்ந்து இடம் தேட ஒவ்வொரு முறையும் சில மில்லிநொடி ஆகும். எஸ்எஸ்டியில் தேட முள்ளே இல்லை. பத்து வருடப் பெட்டிக்கு இந்த ஒரு மாற்றம் செய்யும் உபகாரத்தை வேறெந்தப் பாகமும் செய்யாது. ரேமை 8 ஜிபியாக்கலாம், டிடிஆர்3 தானா என்று பார்த்து வாங்கவும். பழைய ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்து மாட்டுவது கம்ப்யூட்டர் பையன்களின் குலவித்தை. பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும். தேதி தானாகப் பல வருடம் பின்னால் போனால் வட்டமான சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது என்று பொருள். புதிது போட்டுத் தேதியைத் திருத்தும்வரை பேங்க் தளம் திறக்காது. பின்னோக்கிப் போன பெட்டியின் கணக்கில் அந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

"இருப்பதே போதும்" என்போரையும் எள்ளக் கூடாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபிக்காரரின் பேஜ்மேக்கர், 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அவர் சேர்த்துவைத்த விநாயகரும் 'நிகழும் மங்களகரமான' வாசகங்களும் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. அவர் அதை இணையத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகப் பத்திரிகை அடிக்கட்டும்.

மற்றவர்களுக்கு இவ்வாய்வின் தீர்ப்பு: கோர் 2 டியோவுக்குச் செலவு செய்யாதீர்கள். நான்கிலிருந்து ஏழாம் தலைமுறை வரை வைத்திருப்பவர்கள் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றினால் பாஸ்புக் பார்க்கவும், சீரியல் பார்க்கவும், பேரனோடு வீடியோவில் பேசவும் தாராளமாகப் போதும். லினக்ஸ் நமக்கு அந்நியமுமல்ல. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூடவே வந்ததுதான். விண்டோஸை விட மனமில்லாத வீட்டுக்காரர்களுக்கு மைக்ரோசாப்ட் அறிவித்த நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. கெடு நெருங்கும்போது கம்ப்யூட்டர் பையன் போனை எடுக்கமாட்டான். இப்போதே சொல்லிவையுங்கள்.