சம்பந்தி வீட்டுக் கடன்

2001-ல் கிரீஸ் யூரோவுக்குள் நுழைந்தது. கொஞ்ச காலத்தில் அதன் கடன் பத்திரத்துக்கும் ஜெர்மனியின் பத்திரத்துக்கும் வட்டி ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. பணக்கார வீட்டில் சம்பந்தம் செய்தவனுக்கு மளிகைக் கடைக்காரர் கேட்காமலே கடன் எழுதுவாரே, அதே நம்பிக்கைதான். சம்பந்தி கட்டமாட்டார் என்று மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. நிச்சயதார்த்தப் பத்திரிகையை யார் முழுசாகப் படிக்கிறார்கள்?

2009-ல் வந்த புது அரசு கணக்கு நோட்டைத் திறந்தது. பற்றாக்குறை, முந்தையவர்கள் சொன்னதைவிடப் பல மடங்கு. கடன் கொடுத்தவர்களுக்கு அன்றைக்குத்தான் கண் தெரிந்தது. கிரேக்கர்கள் சோம்பேறிகள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

2010 மே மாதம் 11,000 கோடி யூரோ 'உதவி' அறிவித்தார்கள். ஏதென்ஸில் இறங்கிய பணம் ஒரு காபி குடிக்கக்கூட நிற்கவில்லை. பெரும்பகுதி பழைய கடனையும் வட்டியையும் அடைக்கவே திரும்பிப் போனது. வாங்கிக்கொண்டவர்களில் பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகளும் உண்டு. ஓய்வூதியம் வெட்டுப்பட்ட கிழவருக்கு, தனக்கு உதவி வந்ததே செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

கடன் கொடுத்தவர்கள் கேட்ட நிபந்தனைகளை ஏற்கலாமா என்று 2015 ஜூலையில் கிரீஸில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 61 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஒரே வாரத்தில் பிரதமர் சிப்ராஸ் அதைவிடக் கடுமையான நிபந்தனைக்குச் சம்மதித்துத் திரும்பினார்.

கடனைத் தள்ளுபடி செய்தால் ஒழுக்கம் கெடும் என்பது பெர்லினின் கவலை. 1953-ல் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் கடனைச் சுமார் பாதியாகக் குறைத்தார்கள். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட நாடுகளில் கிரீஸும் ஒன்று. அந்தக் காகிதம் இப்போது எந்த அலமாரியில் இருக்கிறதோ.