செகண்ட்ஸ் பீஸ்

திருப்பூரில் ஆம்புலன்ஸ் எப்போது வந்து சேரும் என்பது பல்லடம் ரோட்டு நெரிசலைப் பொறுத்தது. வக்காலத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. வீரபாண்டி பிரிவில் பைக்கிலிருந்து விழுந்தவரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், ஐ.சி.யூ.வில் படுக்க வைத்து, அவர் மனைவி துணிப்பையோடு வராண்டாவில் உட்காரும்போதே பக்கத்து நாற்காலியில் ஒரு வெள்ளைச் சட்டை உட்கார்ந்திருக்கும். "அழாதீங்கக்கா, வண்டி நம்பர் நம்மகிட்ட இருக்குது. இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க." டாக்டர் ஸ்கேனை இன்னும் பார்த்திருக்க மாட்டார். இவரோ எத்தனை லட்சம் தேறும் என்று கணக்கே போட்டு முடித்திருப்பார். நினைவில்லாமல் கிடப்பவரின் பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் ஒற்றுவதற்குக்கூட ஆள் உண்டு. அந்த விரலுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, சந்தையில் இருக்கிறது.

இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் இரண்டைச் சிரிப்பதற்காகவாவது படிக்க வேண்டும். 36ஆவது விதி, வக்கீல் ஆள் வைத்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்கிறது. 20ஆவது விதி, வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசக் கூடாது என்கிறது. ஆகவே நம் ஊரில் யாரும் பங்கு பேசுவதில்லை. பர்சன்டேஜ் பேசுகிறார்கள்.

நல்ல வக்கீல்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் ஐ.சி.யூ. வராண்டாவில் உட்காருவதில்லை என்பதுதான் சிக்கல்.

விழுந்தவர் ஒரு கட்டிங் மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகை, ஸ்கூல் பீஸ், சீட்டுப் பணம் எல்லாம் அவர் சனிக்கிழமைச் சம்பளத்தில். ஏ.டி.எம். நம்பர் அவர் தலைக்குள், தலை கட்டுக்குள். மனைவி பேங்குக்குப் போனால், "அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமுங்க" என்கிறார்கள். நேரில் வர முடிந்தால் அவள் ஏன் வருகிறாள் என்று கேட்க அங்கே கவுண்டர் கிடையாது.

பச்சைக் குழந்தைக்குக் காப்பாளர் நியமிக்க 1890லேயே வெள்ளைக்காரன் சட்டம் எழுதிவிட்டான். 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று நாலு கதவு திறந்தது. கோமாவில் கிடப்பவருக்கு எந்தக் கதவு? கணவர் கோமாவில் கிடக்க, அவர் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க அனுமதி கேட்டு ஒரு பெண் 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். மே மாதத்தில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அந்த உத்தரவை ரத்துசெய்து அந்தப் பெண்ணையே காப்பாளராக்கியது. சொத்தை விற்கலாம், 50 லட்சத்தை மட்டும் கணவர் பேரில் வைப்பு நிதியில் போட வேண்டும். இந்தத் தீர்ப்பின் நகலோடு அந்த பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து, பிறகு உயர் நீதிமன்றத்துக்கு ஒரு ரிட் மனு எழுதித் தர வேண்டியது வக்கீல் வேலை. அதில் பர்சன்டேஜ் வராது. அதனால் அந்த வேலைக்கு நம்மவர்களுக்கு நேரமும் வராது.

கம்பெனியைக் கேட்டால், "எங்க ஆள் இல்லீங்க, கான்ட்ராக்டர் ஆள்" என்பார்கள். ஒரு துண்டுத் துணி குறைந்தால் யார் டேபிளில் குறைந்தது என்று ராத்திரியே கண்டுபிடிக்கும் கம்பெனிக்கு, பத்து வருஷம் வெட்டிக்கொடுத்தவன் யார் ஆள் என்று மட்டும் தெரியாது. வேலைக்குப் போகிற வருகிற வழியில் நடக்கும் விபத்தையும் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ள 2010இலேயே இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தினார்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. அதை அந்த வராண்டாவில் சொன்ன வெள்ளைச் சட்டையை நான் பார்த்ததில்லை.

அடுத்தது கோர்ட் காட்சி. கட்டிங் மாஸ்டர் பிழைத்து, நடந்தே கூண்டேறுகிறார். அதுதான் அவர் செய்த தப்பு. இன்சூரன்ஸ் வக்கீல் கேட்கிறார்: "உங்க பேரென்ன?" சொல்கிறார். "கையைத் தூக்குங்க." தூக்குகிறார். "பேர் சொல்றாரு, கை கால் நல்லா இருக்குது. அப்புறம் என்ன ஊனமுங்க ஐயா?" சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்பதும், அளவு பிடிபடாமல் துணியைத் தாறுமாறாக வெட்டுவதும், இருந்தாற்போல் கோபம் வந்து பிள்ளையை அறைவதும் எக்ஸ்ரேயில் விழாது. சான்றிதழ் 40 சதவீதம் என்று எழுதினாலும், அவர் செய்த தொழிலைச் செய்யவே முடியாதென்றால் வருமான இழப்பு 100 சதவீதமாகவும் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இலேயே சொல்லிவிட்டது. அதை நிரூபிக்க நரம்பியல் டாக்டரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும், மேஸ்திரியை அழைக்க வேண்டும், மனைவியை ஒரு மணி நேரம் பேசவிட வேண்டும். அதற்குள் லோக் அதாலத்தில் நாலு கேஸ் முடிக்கலாமே!

பனியன் விற்கும் காதர்பேட்டையில் ஒரு கணக்கு உண்டு. தையல் விலகிய பனியன் செகண்ட்ஸ், வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். அந்தக் கணக்கைத்தான் மனுஷன் மேலும் போடுகிறார்கள்.

உச்ச நீதிமன்றம் போட்ட கணக்கு வேறு. ஹரியானாவில் 2007இல் 12 வயதுச் சிறுமி போன டிராக்டர் மீது லாரி மோதி, அவள் மூளை நிரந்தரமாகச் சிதைந்தது. தீர்ப்பாயம் கொடுத்தது 11 லட்சம் சொச்சம். உயர் நீதிமன்றம் அதை 25 லட்சம் சொச்சமாக்கியது. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் 62.27 லட்சம் என்றது. அதில் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு மட்டும் மாதம் 10,000 வீதம், 18 என்ற பெருக்கல் கணக்கில், 21.6 லட்சம். தீர்ப்பாயம் மொத்தமாகக் கொடுத்ததைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. நம் ஊர் மனுக்களில் எத்தனை பேர் அந்த வரியை எழுதுகிறார்கள்? தீர்ப்பு வர அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. நினைவில்லாமல் கிடப்பவருக்கோ, மனுப் போட ஆறு மாதம்தான் கெடு என்று 2019இன் திருத்தம் எழுதிவைத்தது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு போனது.

இலவசச் சட்ட உதவி பெற 1987இன் சட்டப்படி பெண்ணாக இருந்தால் போதும், மாற்றுத்திறனாளியாக இருந்தால் போதும், தொழிற்சாலைத் தொழிலாளியாக இருந்தால் போதும். இந்த வீட்டில் மூன்றும் இருக்கிறது. 15100 என்ற எண்ணும் இருக்கிறது. ஐ.சி.யூ. வாசலில் அதை எழுதி ஒட்ட மட்டும் சுவர் கிடைக்கவில்லை. விசிட்டிங் கார்டு சொருக இடம் கிடைத்தது.

கடைசியில் கேஸ் முடிந்தது. பர்சன்டேஜ் போக, டைப்பிங் போக, 'செலவு' போக மீதி வந்தது. பாஸ்புக்கைக் கொடுக்க வெள்ளைச் சட்டை வீட்டுக்கே வந்தது. கட்டிங் மாஸ்டர் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டாவது முறையாகக் காலைச் சோறு கேட்டுக்கொண்டிருந்தார். காப்பியைக் குடித்து முடித்துச் செருப்பை மாட்டியபடி அந்தச் சட்டை கேட்டது:

"ஏனுங்கக்கா, நேத்து ராத்திரி பின்னாடி லைன்ல யாரோ பைக்ல விழுந்துட்டாங்களாமே, அவங்க வீடு எதுங்க?"