வென்ட் பைப்புக்கு மூடி போட்டவன்

எங்கள் கோயம்புத்தூர் வீட்டு மொட்டைமாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் வந்து இறங்கியபோது, "பைப் வேலையை நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னேன். சொன்னது எனக்கு மறந்துவிட்டது. என் மனைவிக்கு மறக்கவில்லை.

முதலில் சைஸ். பைப் பெரிதானால் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும் என்பது என் சித்தாந்தம். "முக்கால் இன்ச் போதும் சார்" என்று பிளம்பர் சொல்லியும் கீழ் பாத்ரூம் வரை ஒரு இன்ச் சி.பி.வி.சி. போடவைத்தேன். 15 மீட்டர் ஓடும் ஒரு இன்ச் பைப்புக்குள் ஆறு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். முக்கால் இன்ச்சில் நாலு லிட்டருக்குள் அடங்கிவிடும். ராத்திரி முழுக்கப் பைப்பில் கிடந்து ஆறிப்போன அந்த ஆறு லிட்டரும் வெளியேறிய பிறகுதான் வெந்நீர் தலைகாட்டும். ஷவருக்குப் போகும் கடைசி அடி எப்படியும் அரை இன்ச்தான், ஆகவே வேகமும் கூடவில்லை. மார்கழிக் காலையில் வாளியோடு நடுங்கி நின்றவளிடம், "செடிக்கு ஊத்திக்கலாமே" என்றேன். அந்த வருஷம் செம்பருத்தி நன்றாகப் பூத்தது.

அடுத்தது என் சிக்கனம். வீட்டில் மிச்சம் கிடந்த வெள்ளை பி.வி.சி. துண்டை வெந்நீர் வெளியேறும் வாயில் மாட்டினேன். அது 60 டிகிரிக்கு மேல் தாங்காது, சி.பி.வி.சி. 93 வரை தாங்கும். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 70-ஐத் தாண்டியதும் துண்டு நடுவில் தொய்ந்தது. பித்தளை மரை வைத்த எம்.டி.ஏ. (வெளிமரை இணைப்பான்) விலை அதிகம் என்று பிளாஸ்டிக் மரை வாங்கி, டெஃப்லான் டேப்பை உருண்டையாகச் சுற்றி முறுக்கியதில் எஃப்.டி.ஏ.வும் (உள்மரை இணைப்பான்) பிளந்தது. மிச்சம் பிடித்த காசு எம்-சீலுக்குப் போனது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஹீட்டர் தொட்டியிலிருந்து ஒரு பைப் மேலே ஏறி, வாய் திறந்தபடி அந்தரத்தில் நின்றது. வேலையை அரைகுறையாக விட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து, சொல்யூஷன் தடவி அழகாக ஒரு எண்ட் கேப் போட்டுவிட்டேன். தெருவிலிருந்து பார்த்தால் லட்சணமாக இருந்தது.

பிளம்பர் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "சார், அது தொட்டிக்கு மூக்கு. அதைப் போய் அடைச்சிருக்கீங்களே?"

தண்ணீர் சூடேறும்போது பிரியும் காற்றும் ஆவியும் வெளியேறுவது அந்த வழியில்தான். மேல்நிலைத் தொட்டி காலியான நேரத்தில் யாராவது வெந்நீர்க் குழாயைத் திறந்தால், வெளிக்காற்று உள்ளே வருவதும் அதே வழியில்தான். வராவிட்டால் உள்தொட்டி உள்வாங்கி நசுங்கிவிடும். ஆக்ஸா பிளேடால் மூடியை அறுத்து எடுத்தார். கூலி வாங்கவில்லை, அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கதை சொல்லியே ஈடுகட்டிக்கொண்டார்.

உங்கள் மாடியிலும் அப்படி ஒரு பைப் வாய் திறந்து நின்றால் மூடி போடாதீர்கள், வால்வும் வைக்காதீர்கள். அதன் முனை மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.