கல்லணைக்குக் கட் ஆஃப் எவ்வளவு?

என் மகன் ஹைட்ராலிக் இன்ஜினீயர் ஆகணுமாம். கரிகாலன் எந்தக் காலேஜில் படித்தானாம்?
(ஒரு வாசகி, திருவையாறு)

கரிகாலனுக்குக் கவுன்சலிங்கும் இல்லை, கட் ஆஃபும் இல்லை. உங்கள் மகனுக்கு இரண்டும் உண்டு. பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல், பிறகு பி.இ. சிவில். அதில் பாய்ம இயக்கவியல் தாளில் மூழ்காமல் கரையேறிவிட்டால், கேட் தேர்வு எழுதிக் கிண்டி, சென்னை ஐ.ஐ.டி., ரூர்க்கி என்று முதுநிலைக்குப் போகலாம். ரூர்க்கி கல்லூரி 1847-ல் தொடங்கியதே கங்கைக் கால்வாய்க்கு ஆள் தயாரிக்கத்தான்.

நம் ஆறுகளில் அணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் படித்தது ராணுவப் பயிற்சிப் பள்ளியில். ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடுவதை நம் பழைய அணைகளைப் பார்த்துக் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். உங்கள் ஊரிலிருந்து கல்லணைக்கு பஸ் டிக்கெட் மட்டும்தான் செலவு. அந்தப் பாடத்துக்கு டொனேஷன் கிடையாது!

அணையெல்லாம்தான் கட்டியாச்சே, இனி ஹைட்ராலிக் இன்ஜினீயர்களுக்கு என்ன வேலை?
(ஒரு வாசகர், சென்னை)

சென்னைக்காரரா கேட்கிறீர்? 2015 டிசம்பரில் தண்ணீர் கூடத்துக்குள் வந்தது; 2019 ஜூனில் லாரிக்குக் குடத்தோடு நின்றீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது வேலை! டி.என்.பி.எஸ்.சி. எழுதினால் நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர் ஆகலாம். பூண்டியில் அத்துறைக்கு ஆய்வு நிலையமே உண்டு: அணையையும் மதகையும் சிறிய மாதிரியாகக் கட்டி, தண்ணீர் விட்டுச் சோதிக்கிறார்கள்.