விதைக்கு விட்ட காய்

கே: கடையில் வாங்கிய தக்காளியைப் பிழிந்து விதைத்தேன். செடிக்குச் செடி காய் வேறு மாதிரி இருக்கிறதே? (வாசகி, கும்பகோணம்)

ப: அது வீரிய ஒட்டு ரகம். இரண்டு ரகத்தைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை ஒரே அச்சாக இருக்கும். அடுத்ததில் பாட்டன், பாட்டி குணமெல்லாம் பிரிந்து தலைகாட்டும். நாட்டு ரகத்தில் தொடங்குங்கள்.

கே: எந்தக் காயை விதைக்கு விடுவது?

ப: பறிக்கக் கை தானாக எதை நோக்கி நீளுகிறதோ, அதை. நோயில்லாத செடியில், நடுப்பறிப்பில் வருகிற காய். காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது சாம்பாரில் போட்டுவிடுவார்கள். வெண்டைக்காய் நுனி ஒடிகிற பதம் சமையலுக்கு. ஆட்டினால் உள்ளே கலகலக்கிற பதம் விதைக்கு. கத்தரி மஞ்சளாகப் பழுக்கும்வரை செடியிலேயே நிற்கட்டும்.

கே: தக்காளி விதையை வழவழப்பு போகக் கழுவவே முடியவில்லை.

ப: கழுவாதீர்கள், புளிக்க விடுங்கள். சதையோடு கண்ணாடி டம்ளரில் வழித்துப்போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு நாள் மூடிவையுங்கள். மேலே வெள்ளையாக ஆடை படரும், புளித்த வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம். பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுப்பது அந்த வழவழப்பு உறைதான். அது கரைந்ததும் நல்ல விதை அடியில் தங்கும். அலசி, தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

கே: பாகலுக்குப் பக்கத்தில் சுரை போட்டால் சுரைக்காய் கசக்குமாமே? (வாசகர், திண்டுக்கல்)

ப: கசக்காது. இரண்டும் வேறு இனம், ஒன்றோடொன்று சேராது. சுரையைக் கெடுப்பது வேலியில் தானாக முளைக்கிற பேய்ச்சுரை. அதன் மகரந்தம் பட்டாலும் இந்த வருஷக் காய் மாறாது. அந்தக் காயின் விதையைப் போட்டால் அடுத்த வருஷம் காய் கசக்கும். அந்தக் கலப்பைத் தடுக்க ஒரு வழி உண்டு. சுரைப்பூ சாயங்காலம் விரியும். மதியமே ஆண் மொட்டு ஒன்று, பிஞ்சு வைத்த பெண் மொட்டு ஒன்று, இரண்டின் வாயையும் நூலால் கட்டுங்கள். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்து, ஆண்பூவைப் பெண்பூவுக்குள் தடவி, பெண்பூவை மறுபடி கட்டிவிடுங்கள். அந்தக் காய்தான் விதைக்கு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கசந்த சுரைக்காயைச் சாறாகவோ கூட்டாகவோ வீணாகாமல் தீர்க்கப் பார்க்காதீர்கள். அந்தக் கசப்பு நஞ்சு. ரத்த வாந்திவரை கொண்டுபோகும். காயையும் விதையையும் கொட்டிவிடுங்கள்.

கே: பாட்டி சுரை விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் தட்டிவைப்பார். அது எதற்கு?

ப: பூச்சி அண்டாது, ஈரம் சேராது. அவரை, தட்டைக்குச் சாம்பல் புரட்டுவதும் அதற்கே. உங்களிடம் சுவர் இல்லையா? நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் போடுங்கள். ஆடிக்கு முன்னால் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். வெங்காய விதை மட்டும் ஒரு வருஷத்தைத் தாண்டுவது கஷ்டம்.

கே: இப்படி விதை எடுத்துக் கொடுப்பது சட்டப்படி குற்றமா?

ப: இல்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 39ஆம் பிரிவில் விதையைச் சேமிக்க, விதைக்க, பகிர, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. அந்தச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட ரகம் என்று பெயரொட்டிய பாக்கெட்டாக விற்கத்தான் கூடாது.

கே: பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். எவ்வளவு கொடுக்கலாம்?

ப: பாதி. கொடுத்த விதை குறையாது. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் இரண்டு கிலோ விதைநெல் கொடுத்து, மறுவருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கேட்டார். மழையில் உங்கள் பாத்தி அழுகினால், அதே விதை அந்த வீட்டில் இருக்கும். ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் பொட்டலத்தின் மேல் எழுதிக் கொடுங்கள்.