செட்டியார் தொந்தியும் செல்போனும்: தனிப்பொம்மைப் படவியலுக்கு ஒரு பாயிரம்

நவராத்திரி ஒன்பது இரவுகளிலும் கொலு வைத்த வீடுகளில் எடுக்கப்படும் படங்கள் மூவகைப்படும். கூடத்து வாசலில் நின்று மொத்தக் கொலுவையும் எடுப்பது ஒன்று. இதை முழுப்படிப் படம் என்க. கொலுவுக்கு முதுகைக் காட்டி நின்று தன்னையே எடுத்துக்கொள்வது இரண்டாவது. இதில் கொலு இருப்பது தற்செயல். கூட்டத்திலிருந்து ஒரே ஒரு பொம்மையைப் பிரித்து, அதன் முகம் துலங்க எடுப்பது மூன்றாவது. முதல் இரண்டும் யார் எடுத்தாலும் வந்துவிடுபவை ஆதலால் ஆய்வுக்கு உரியன அல்ல. மூன்றாவதைப் பலரும் முயல்கிறார்கள், கலங்கலாக வந்ததைப் பார்க்கிறார்கள், "லைட்டு சரியில்ல" என்று ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். அவ்வாறு கடக்கக் கூடாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

சான்றுப்பொருளாக எடுத்துக்கொண்டது மளிகைக்கடைச் செட்டியார் பொம்மை. ஒரு சாணுக்கும் குறைந்த உயரம். முன்னால் அரிசி, பருப்பு, மஞ்சள் பரப்பிய கடை. பக்கத்தில் செட்டிச்சி அம்மாளும் உண்டு. ஆனால் அவர் எந்த போனுக்கும் இணங்கிவிடுகிறார். இணங்காதவர் செட்டியார்தான். அதன் காரணம் உடற்கூறு சார்ந்தது, பின்னர் விளக்கப்படும்.

பொம்மை ஒன்றைத் தனியே படம் எடுக்க வேண்டிய தேவை என்ன எனின், கூறுவேன். காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெரு ஆகட்டும், பண்ருட்டி ஆகட்டும், மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகட்டும், செட்டியார் பிறப்பது அச்சில். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. மண்ணை அழுத்தி, இரண்டையும் ஒட்டி, காயவைத்து, சுட்டு, வெள்ளை பூசினால் ஒரே மாதிரி ஐம்பது செட்டியார்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அதுவரை அவர்களுக்குள் பேதம் கிடையாது. தூரிகை பட்ட பிறகுதான் ஒருவர் சிடுமூஞ்சியாகவும் ஒருவர் கடன் கொடுக்கிறவராகவும் மாறுகிறார்கள். புருவம் ஒரே இழுப்பு. அந்த இழுப்பு எங்கே தடித்துத் தொடங்கி எங்கே மெலிந்து முடிகிறது என்பதில்தான் குணம் இருக்கிறது. நான் ஆய்ந்த செட்டியாருக்கு இடது மீசை வலது மீசையைவிட ஒரு நெல்லளவு ஏறியிருந்தது. கண்ணின் கறுப்பு இமைக்கோட்டைத் தாண்டி வெளியே லேசாகக் கசிந்திருந்தது. அங்கவஸ்திரத்தின் ஜரிகை முதலில் கோடாக ஓடி, தோளுக்குப் பின்னால், யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், வெறும் புள்ளிகளாகிவிட்டது. எழுதியவரின் கை, அவசரம், மாலை நேரத்துச் சோர்வு எல்லாம் அங்கே இருக்கின்றன. தனிப்பொம்மைப் படம் காட்ட வேண்டியது இதைத்தான். முகத்தை மெழுகி அழகாக்கும் வசதி இன்றைய போன்களில் தானாகவே இயங்குவதும், அது பொம்மையின் முகத்தையும் மனித முகம் என்று நம்பி மெழுகிவிடுவதும் இத்துறையின் முதல் இடர்ப்பாடு. தூரிகைத் தடத்தைப் பரு என்று கருதும் கருவியிடம் நீதி கிடைக்காது. அதை முதலில் அணைக்க.

இனி முறைப்படி. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என வகுத்தது தொல்காப்பியம். கொலுப்படத்துக்கும் அது செல்லும்.

நிலம் என்பது இங்கே படி. உச்சிப்படியில் கலசமும் தெய்வங்களும், அவற்றுக்குக் கீழே மகான்கள், அதற்கும் கீழே மனிதர்கள் என்பது பெருவழக்கு. கல்யாண செட், கிரிக்கெட் செட், கச்சேரி செட், செட்டியார் கடை எல்லாம் கீழ்ப்படியிலோ தரையிலோ இருக்கும். படம் எடுப்பவரோ நின்ற நிலையில் இருக்கிறார். ஐந்தடி உயரத்திலிருந்து ஒரு சாண் உயரத்துச் செட்டியாரை எடுத்தால் கிடைப்பது அவருடைய உச்சந்தலை. ஆகவே கேமரா பொம்மையின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும், அதாவது படம் எடுப்பவர் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். இதில் சமூகச் சிக்கல் ஒன்று உண்டு. களஆய்வின்போது ஒரு வீட்டில் மூத்தவர் ஒருவர் பதறிப்போய்க் கேட்டார்:

"ஏம்ப்பா, மயக்கமா? தண்ணி கொண்டாரட்டுமா?"

"இல்ல பெரியம்மா, செட்டியார் கண்ணைப் பாக்குறேன்."

"அது எங்கயும் ஓடிடாது. எழுந்து சுண்டலைச் சாப்பிடு."

அற்றேல், போனைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் ஊன்றினால் படுக்காமலே ஆகாதோ எனின், ஆகும். லென்ஸ் பெரும்பாலான போன்களில் மேல்மூலையில் இருப்பதால், தலைகீழாக்கினால் அது தரையோடு ஒட்டிவிடும். படுத்த நிலையின் பலன் குந்திய நிலையிலேயே கிடைக்கும். மானமும் மிஞ்சும். கோலத்தை அழிக்காமல் ஊன்றுவது அவரவர் திறம்.

பொழுதுக்கு வருவோம். கொலு பார்ப்பது மாலையில். மாலை முல்லைத் திணைக்கு உரியது. அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். ஆனால் கொலு வீட்டு மாலையில் போனைத் தூக்கியவனுக்கு வாய்ப்பது நெய்தலின் இரங்கல். இத்திணை மயக்கத்துக்குக் காரணம் விளக்குகள். கூடத்தில் நீலம் பாய்ந்த வெள்ளை டியூப்லைட், ஏறத்தாழ 6500 கெல்வின். மேலே அழகுக்கு மாட்டிய மஞ்சள் பல்பு 2700. படிக்குப் பின்னால் சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் செட். கேமரா இவற்றில் ஏதேனும் ஒன்றைத்தான் வெள்ளை என்று கொள்ள முடியும். விளைவாகச் செட்டியாரின் ஒரு கன்னத்தில் மஞ்சள் காமாலை, மறு கன்னத்தில் குளிர்ஜுரம். போதாக்குறைக்கு நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. மலிவான எல்இடி சரம் அதற்கேற்ப நொடிக்கு 100 முறையோ 50 முறையோ அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு படத்தில் குறுக்குப் பட்டைகளாக வந்து இறங்கும். ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 நொடிக்கு வைத்தால் பட்டைகள் மறையும். மறைந்தாலும் காமாலை போகாது.

எனவே இவ்வாய்வு பரிந்துரைக்கும் பொழுது காலை ஏழரை. கொலு பார்க்க யாரும் வராத நேரம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, வெயில் நேராக விழாத வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வரவிட வேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் பூச்சின் மேடு பள்ளம் தெரியும். காதுக்குப் பின்னால் இரண்டு அச்சும் சேர்ந்த தையல்கோடுகூடத் தெரியும். மறுபக்கம் நிழல் கறுத்தால் வெள்ளை வேட்டி ஒன்றை நான்காக மடித்து எதிரே நிறுத்துக. ஸ்டூடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் ரிஃப்ளெக்டர் செய்வதும் அதே வேலைதான். படியில் விரித்த துணி வெள்ளையானால் மட்டும் ஓர் எச்சரிக்கை. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். வெள்ளையைக் கண்டு மிரண்டு மொத்தப் படத்தையும் மங்கலாக்கிவிடும். திரையைத் தொட்டால் வரும் சூரியப் பொம்மையைச் சற்று மேலே தள்ள, செட்டியார் மீண்டும் தன் நிறத்துக்கு வருவார்.

ஃபிளாஷ் போடும் மரபினரும் உளர். நவீன பொம்மைகள் பலவற்றின் மேல் வார்னிஷ் பளபளப்பு இருப்பதால், ஃபிளாஷ் போட்டவுடன் மூக்கின் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அதற்குமேல் அம்மரபைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்திலும் பளபளப்பு தொல்லை கொடுத்தால், போலரைஸ்டு கூலிங்கிளாஸ் ஒன்றை லென்ஸுக்கு முன் பிடித்து மெல்லத் திருகிப் பார்க்கலாம். ஒரு கோணத்தில் வார்னிஷ் மினுக்கு சட்டென்று அவிந்து, அடியில் இருக்கும் நிறம் எழுந்து வரும். கிரீடத்துப் பொன்பூச்சிடம் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. உலோக மினுக்கு அந்த வகையைச் சேர்ந்ததன்று.

இனிச் செட்டியாரின் உடற்கூறு. இதுவே இவ்வாய்வின் நடுநாயகம்.

ஒரு பொருளை நெருங்க நெருங்க, கேமராவுக்குத் தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கிக்கொண்டே போகும். பதினைந்து சென்டிமீட்டர் அகலக் காட்சி திரையை நிறைக்கும்படி, பெரிய சென்சார் கொண்ட போனில் எடுத்தால், தெளிவின் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். செட்டியாரின் தொந்திக்கும் கண்ணுக்கும் இடையே இரண்டு விரற்கடை. ஆட்டோஃபோகஸோ முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதன் மேல் பாய்வதில் ஆர்வம் மிக்கது. ஆகவே தொந்தி, அதில் கிடக்கும் பூணூல், பூணூலில் ஒட்டிய தூசு எல்லாம் அட்சரசுத்தமாக வரும். முகம் மட்டும் மேகத்துக்குள் போய்விடும். செட்டிச்சி அம்மாள் ஒல்லி; அவருக்கு முன்னே எதுவும் தடுப்பதில்லை. அவர் இணங்கியதன் மர்மம் இவ்வளவே.

பரிகாரம் மூன்று. முதலாவது, திரையில் செட்டியாரின் கண்ணைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்து, ஃபோகஸைப் பூட்டுவது. பொம்மை எழுதுகிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். படம் எடுக்கிறவன் அதை முதலில் திறக்க வேண்டும். இரண்டாவது, பின்வாங்குவது. தூரத்தை இரட்டிப்பாக்கி எடுத்து, பிறகு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டால், அதே அளவுப் படத்தில் தெளிவின் ஆழம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பிக்ஸல் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆனால் இன்றைய போன்களில் பிக்ஸலுக்குப் பஞ்சமில்லை. பின்வாங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. மேக்ரோ என்று சொல்லிப் பல போன்கள் அகல லென்ஸுக்குத் தாவி, பொம்மைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பக்கத்தில் போய் நிற்கும். அங்கிருந்து பார்த்தால் மூக்கு வெண்டைக்காயாகும், காதுகள் தலைக்குப் பின்னால் ஓடிவிடும், போனின் நிழலே செட்டியார் மேல் விழுந்து கிரகணம் பிடிக்கும். மூன்றாவது, தொந்தியில் ஒன்று, மூக்கில் ஒன்று, காதில் ஒன்று என்று ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்குவது. இது முனிவர்களுக்கானது.

கல்யாண ஊர்வலம் போன்ற சாய்ந்த வரிசையை முழுத் தெளிவாக எடுக்க வேண்டுமானால் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை தந்தவர் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக். லென்ஸைச் சாய்த்தால் தெளிவின் தளமும் சாயும் என்னும் விதியை 1904-இல் காப்புரிமையாகவே பதிந்தார். அவர் நோக்கம் ஆகாயத்திலிருந்து நிலத்தைப் படமெடுத்துத் திருத்துவது; நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒரே படத்தில் தெளிவாக விழுவதும் அதில் அடங்கும் என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. தமக்கு முன்பே, 1901-இல், கார்ப்பென்தியே என்ற பிரெஞ்சுக்காரர் இதைத் தொட்டிருக்கிறார் என்பதையும் அவர் தம் விண்ணப்பத்தில் ஒளிக்காமல் சொன்னார். பக்கத்து வீட்டுச் சுண்டல் பக்குவத்தைத் தன் பாட்டி பக்குவம் என்று சொல்லும் உலகில் இது பெரிய குணம். போனில் லென்ஸைச் சாய்க்க முடியாது. ஊர்வலத்தைச் சற்றுத் திருப்பி வைக்கலாமே எனின், கூடாது. வைத்த பொம்மையை விஜயதசமி இரவில் ஒன்றைச் சயனத்தில் கிடத்தும் வரை நகர்த்துவதில்லை என்பது பல வீட்டு வழக்கம். ஆகவே வரிசைக்கு இணையாக நகர வேண்டியவர் நீங்களே. அசையாத மாடலுக்கு அசையாத கை வேண்டும் என்பதால், கோலமாவு டப்பாவின் மேல் போனைச் சாய்த்து, மூன்று நொடி டைமர் வைத்துக் கையை எடுத்துவிடுக.

கருப்பொருள்கள் பல, அவற்றுள் தலையாயது சுண்டல். சுண்டல் தொட்ட விரல் போனைத் தொடும், தொடும்போது லென்ஸையும் தொடும். தேங்காயெண்ணெய் படிந்த லென்ஸ் எல்லாப் பொம்மைக்கும் ஒளிவட்டம் கொடுக்கும். தெய்வங்களுக்கு அது பொருந்தும், செட்டியாருக்குப் பொருந்தாது. பருத்தி வேட்டி நுனியால் ஒரு துடைப்பு போதும். "புது போன் வாங்கணும்" என்று தொடங்கும் உரையாடல்களில் பெரும்பகுதி இந்தத் துடைப்பிலேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம். ஊதுபத்திப் புகை, படியைப் பிடித்து எழுந்து நிற்கும் குழந்தை, சரத்தை ஆட்டும் மின்விசிறி ஆகியவற்றையும் இவ்வதிகாரத்தில் அடக்குக. மின்விசிறியை அணைக்கச் சொன்னவருக்கு அவ்வீட்டில் மறுநாள் அழைப்பு வராது.

செய்வன யாவும் செய்து, மீசையின் ஏற்றத்தாழ்வும் ஜரிகைப் புள்ளியும் தெரியும் ஒரு படம் கிடைத்துவிட்டது என்று கொள்வோம். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும். நாம் குப்புறப் படுத்துச் சம்பாதித்த தூரிகைத் தடங்கள்தாம் முதலில் உதிரும். 2023-இல் ஹெச்டி என்றொரு பொத்தானை வைத்தார்கள். அதை அழுத்தி, மேற்படி வீட்டுக் குடும்பக் குழுவுக்கே செட்டியாரை அனுப்பிவைத்தேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பெரியம்மாவிடமிருந்து குரல்பதிவாகப் பதில் வந்தது:

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. இதுல நாங்க யாருமே இல்லியே?"